மறுக்க ஆளில்லாத ஆய்வேடுகள்

இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஏற்கப்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடுகள் 'சோத்கங்கா' என்ற இணையக் களஞ்சியத்தில் சேர்த்து வைக்கப்படுகின்றன. குஜராத்தின் காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் இந்தக் களஞ்சியத்தை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். தமிழ்த் துறைகளின் பக்கம் போய்த் தலைப்புகளை மட்டும் பாருங்கள். இன்னாருடைய புதினங்களில் பெண்கள், இன்னாருடைய கவிதைகளில் சமுதாயச் சிந்தனைகள், இன்ன வட்டார நாட்டுப்புறப் பாடல்களில் வாழ்வியல் என்று போகும். தலைப்பின் கடைசியில் ஒரு சிறு கோடு போட்டு 'ஓர் ஆய்வு' என்று முடிப்பதும் வழக்கம். இவற்றில் ஒன்றையும் யாராலும் மறுக்க முடியாது. அந்தப் புதினங்களில் பெண்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். சமுதாயச் சிந்தனை துளியும் இல்லாத கவிதைத் தொகுப்பைத் தேடிப் பிடிப்பதுதான் கடினம். எல்லாரும் முன்பே ஒப்புக்கொண்ட ஒன்றை நிறுவ முந்நூறு பக்கம் எதற்கு என்று வாய்மொழித் தேர்வில் யாரும் கேட்பதில்லை.

ஆய்வுக் கட்டுரை எழுதுவது எப்படி என்று சொல்லித்தரும் கையேடுகள் நம்மிடம் நிறைய உண்டு. அடிக்குறிப்பு எங்கே வரும், துணைநூற்பட்டியலை எப்படி அடுக்குவது, எத்தனை இயல், பக்க ஓரத்தில் எவ்வளவு இடம் விடுவது என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். கட்டுரை எதற்காக வாதாடுகிறது, யாரோடு வாதாடுகிறது என்ற கேள்விக்கு மட்டும் அங்கே பெரும்பாலும் இடமிருப்பதில்லை. 'கருதுகோள்' என்று ஒரு தலைப்பு உண்டுதான். பல ஆய்வேடுகளில் அது எல்லா இயல்களும் தட்டச்சான பிறகு கடைசியாக எழுதி முன்னே செருகப்படுகிறது என்பது துறைக்குள் இருப்பவர்களுக்குத் தெரிந்த ரகசியம்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். 'கு. அழகிரிசாமியின் சிறுகதைகளில் குழந்தைகள்' என்று ஒரு மாணவருக்குத் தலைப்புக் கிடைத்திருக்கிறது. வழக்கமான பாதையில் போனால் குழந்தைகளும் குடும்பமும், குழந்தைகளும் வறுமையும், குழந்தைகளும் கல்வியும் என்று இயல்கள் பிரியும். ஒவ்வொன்றிலும் கதைச் சுருக்கம் இருக்கும், கீழே ஒரு மேற்கோள் இருக்கும், 'இதன்வழி அறிய முடிகிறது' என்ற முத்தாய்ப்பும் இருக்கும். முடிவுரையில் ஆசிரியர் குழந்தை உள்ளத்தை நுட்பமாகச் சித்திரித்துள்ளார் என்று வரும். அழகிரிசாமியை ஒரு முறை படித்த எவரும் அந்த ஏட்டைத் திறக்காமலே ஒப்புக்கொள்ளக்கூடிய செய்தி இது.

அதே மாணவர் இப்படித் தொடங்கினால் என்ன? அழகிரிசாமியின் குழந்தைகள் சூதுவாது அறியாதவர்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது சரியில்லை, உடைமையையும் அந்தஸ்தையும் பெரியவர்களைப் போலவே கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் அவர்கள் என்று அவர் சொல்லட்டும். உடனே எதிரில் ஓர் ஆள் முளைத்துவிடுகிறார். 'ராஜா வந்திருக்கிறார்' கதையை எடுங்கள். பிள்ளைகள் புத்தகத்தின் படங்களை வைத்துக்கொண்டு உனக்கு இருக்கிறதா, எனக்கு இருக்கிறது என்று போட்டி போடுவதில்தான் கதையே தொடங்குகிறது. பிறகு பணக்காரப் பையன் தன் பட்டுச் சட்டையைக் காட்டிப் பெருமையடிக்கிறான். 'அன்பளிப்பு' கதையில் சாரங்கனை நோகடிப்பது தனக்குப் புத்தகம் கிடைக்காதது மட்டுமல்ல, மற்ற பிள்ளைகளுக்குக் கிடைத்த இடம் தனக்குக் கிடைக்காததும்தான். அதனால்தான் தானே ஒரு டைரியைக் கொண்டுவந்து, அதில் அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான். மாணவரின் கட்சிக்கு இவை வலுவான சான்றுகள்.

எதிர்க்கட்சியிடமும் சான்று இருக்கிறது. அதே 'ராஜா வந்திருக்கிறார்' கதையில், தீபாவளி நேரத்தில் அநாதையாக வந்து நின்ற சிறுவனை மங்கம்மாள் என்ற சிறுமியின் ஏழை வீடு சேர்த்துக்கொள்கிறது. பெரிய வீட்டுப் பையன், எங்கள் வீட்டுக்கு ராஜா வந்திருக்கிறார் என்று மார்தட்டும்போது, ராஜா என்ற பெயருள்ள அந்தச் சிறுவனை மனத்தில் வைத்து எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறான் என்கிறாள் அவள். கணக்குப் பார்க்கும் குழந்தையா இப்படிப் பேசும்? மாணவர் இதற்கு முகம் கொடுத்தே ஆக வேண்டும். அந்தப் பதிலும் போட்டியில் வைத்த ஒரு காய்தான் என்று அவர் வாதாடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவள் சொன்னதில் போட்டி இருக்கிறது, ஆனால் போட்டி மட்டும் இல்லை. என் உடன்பாடின்மையால் அவருடைய கட்டுரைக்கு நட்டமில்லை. படித்தவனை எழுந்து வந்து சண்டை போட வைத்தது என்பதே அது வேலை செய்ததற்கு அடையாளம். இந்த இடத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டு, தனக்கு ஒத்துவரும் பத்துக் கதைகளை மட்டும் அடுக்கியிருந்தால் கட்டுரை அங்கேயே செத்திருக்கும்.

இப்படி எழுதுவதற்கு முன்மாதிரி தேடி ஆக்ஸ்போர்டுக்கோ ஹார்வர்டுக்கோ போக வேண்டாம். சென்னையில் 1816-இல் அச்சான ஒரு குறிப்பே போதும். பிரான்சிஸ் வைட் எல்லிஸ் அப்போது சென்னை கலெக்டர். கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர்களுக்கு நாட்டு மொழிகளைக் கற்பிக்க 1812-இல் தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக்கு உயிர் கொடுத்தவரும் அவர்தான். ஏ. டி. கேம்ப்பெல் எழுதிய தெலுங்கு இலக்கண நூலின் முன்னுரைக்கு ஒரு குறிப்பாக எல்லிஸ் தன் கட்டுரையைச் சேர்த்தார். தென்னாட்டு மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை என்பது அன்றைய பேரறிஞர்களின் கருத்து. வில்லியம் கேரி, கோல்புரூக், வில்கின்ஸ் போன்ற பெயர்களுக்கு முன்னால் ஒரு கலெக்டரின் பேச்சு எடுபடுவது எளிதில்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு ஆகியவை ஒரு தனிக் குடும்பம், சமஸ்கிருதம் அவற்றுக்கு மெருகூட்டியிருக்கலாம், ஆனால் அவற்றின் பிறப்புக்கு அது வேண்டியதில்லை என்பது எல்லிஸ் எடுத்துக்கொண்ட கட்சி.

அவர் அதை நிறுவிய விதம்தான் பாடம். முதலில் எதிராளிகளின் கூற்றை அவர்கள் வாய்மொழியாகவே எடுத்து வைத்தார். பிறகு சமஸ்கிருத இலக்கண மரபின் கருவியான தாதுப் பட்டியலையே, அதாவது வினைவேர்ப் பட்டியலையே, கையில் எடுத்தார். ஒரு மொழி இன்னொன்றிலிருந்து பிறந்திருந்தால் வினைவேர்கள் ஒத்துவர வேண்டும். கல்லூரியில் இருந்த பட்டாபிராம சாஸ்திரி தெலுங்கு வேர்களைத் தொகுத்திருந்தார். அந்த வேர்களைச் சமஸ்கிருத வேர்களோடு வைத்துப் பார்த்தால் ஒத்துவரவில்லை. தமிழ், கன்னட வேர்களோடு வரிசையாக வைத்தால் ஒத்துவந்தன. இந்த முறையை நாமே சோதித்துக்கொள்ளலாம். தமிழில் ஆடு என்றால் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஆடுதான். தமிழின் அடங்கு, மூக்கொலி தேய்ந்து அங்கே அடகு ஆகிறது.

தெலுங்கில் சமஸ்கிருதச் சொற்கள் ஏராளம் என்பதை எல்லிஸ் மறைக்கவில்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டார். மாமிடி வெங்கய்யா என்ற தெலுங்கு அகராதிக்காரர் சமஸ்கிருதச் சொல் அப்படியே வந்தால் தத்சமம், திரிந்து வந்தால் தற்பவம், நாட்டுச் சொல் தேசியம், பேச்சு வழக்குச் சொல் கிராமியம் என்று சொற்களைப் பிரித்திருந்தார். அந்தப் பகுப்பையே பயன்படுத்தி, கடனாக வந்த சொற்களை எல்லிஸ் ஒருபுறம் ஒதுக்கினார். மிஞ்சிய நாட்டுச் சொற்கள் தமிழோடும் கன்னடத்தோடும் கூடுவதைக் காட்டினார். அதற்கும் மேலே போய், வாக்கியம் கட்டும் முறையிலும் இம்மொழிகள் தங்களுக்குள் ஒத்துப்போவதை மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்து விளக்கினார். வேர், சொல், தொடர் என்று மூன்று அடுக்கு. எதிராளி ஓர் அடுக்கில் நழுவினாலும் அடுத்ததில் மாட்டிக்கொள்வார். அடைமொழி இல்லை, ஆவேசம் இல்லை. உள்ளூர்ப் பண்டிதர்களின் உழைப்பை அவர்கள் பெயரோடு எடுத்தாண்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்னொருவர் நூலின் முன்னுரைக்குள் புதைந்து கிடந்ததால் எல்லிஸின் கட்டுரை பலர் கண்ணில் படாமல் போனது. திராவிட மொழிக் குடும்பம் என்றவுடன் நாம் கால்டுவெல்லை நினைக்கிறோம். வரலாற்றாசிரியர் தாமஸ் டிரவுட்மன் 2006-இல் எழுதிய புத்தகம்தான் எல்லிஸுக்குரிய இடத்தை விரிவாக மீட்டுக் கொடுத்தது.

கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856-இல் வந்தது. எல்லிஸுக்குக் கிடைக்காத மொழிகளின் தரவுகளையும் சேர்த்து, குடும்பத்தைப் பெரிதாக்கி, இலக்கணக் கூறு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு நிறுவிய பெரும் நூல். ஆனால் அதே நூலில் கால்டுவெல் இன்னொரு கருத்தையும் முன்வைத்தார். திராவிட மொழிகள் 'சித்தியன்' என்று அவர் அழைத்த வட ஆசிய மொழிக் கூட்டத்தோடு உறவுடையவை என்பது அது. முதல் கருத்து இன்றுவரை அசையவில்லை. இரண்டாவது நிற்கவில்லை. எழுதியவர் ஒருவர், நூல் ஒன்று, உழைப்பும் ஒன்றுதான். வேறுபாடு சான்றில் இருந்தது. திராவிட மொழிகளுக்குள்ளே ஒலி மாற்றங்கள் ஒழுங்காக, திரும்பத் திரும்ப ஒரே விதியில் வந்தன. சித்தியன் பக்கம் கிடைத்தவை அங்கொன்றும் இங்கொன்றுமான ஒற்றுமைகள். தற்செயலாகவும் அப்படி ஒற்றுமைகள் வரலாம் என்ற ஐயத்தை அவற்றால் விரட்ட முடியவில்லை. ஆய்வு மாணவர்களுக்கு இந்த நூலின் இரண்டு பகுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடம் நடத்தலாம். எவ்வளவு சான்று இருந்தால் எவ்வளவு தூரம் பேசலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடநூல் எனக்குத் தெரியாது.

சான்றுக்கு மேலே பேசும் நோய் நம் ஊரில் ஒரு பொருளில் மட்டும் நாள்பட்டு நிற்கிறது. தமிழர் வாழ்ந்து கடலில் மூழ்கியதாகச் சொல்லப்படும் குமரிக்கண்டம்தான் அது. பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் 1864-இல் மடகாஸ்கர் பாலூட்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். லெமூர் என்ற விலங்கும் அதன் உறவினங்களும் மடகாஸ்கரிலும் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் சிதறிக் கிடப்பதை விளக்க, இடையில் ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று ஊகித்து அதற்கு லெமூரியா என்று பெயரிட்டார். அன்றைய அறிவுக்கு நல்ல ஊகம்தான். கண்டங்களே நகர்கின்றன என்பது 20-ஆம் நூற்றாண்டில் உறுதியானதும் அந்த ஊகத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஒட்டியிருந்த மடகாஸ்கரும் இந்தியாவும் பிரிந்தது ஏறக்குறைய ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பு. மனித இனத்தின் வயதோ சுமார் மூன்று லட்சம் ஆண்டுகள்.

மறுபுறம் சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார், பஃறுளியாற்றுக்கும் குமரியாற்றுக்கும் இடையே கடல் கொண்ட 49 நாடுகளைச் சொல்கிறார். நம் கட்டுரைகளில் பல, இந்த உரையையும் ஸ்கிளேட்டரையும் ஒரே பத்தியில் நிறுத்தி, மேனாட்டு அறிஞரும் ஒப்புக்கொண்டார் என்று முடித்துவிடுகின்றன. ஸ்கிளேட்டர் பேசியது தமிழரைப் பற்றியே இல்லை. அவர் பெயர் அங்கே வருவது வாதத்தைத் தாங்க இல்லை, வாசகரை அசத்த. இத்தனைக்கும் சிறிய கூற்று ஒன்றை இந்தப் பொருளிலேயே நல்ல முறையில் வாதாட முடியும். கடைசிப் பனியூழியின் உச்சத்துக்குப் பின் உலகக் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் உயர்ந்திருக்கிறது. தென்கரையில் நிலம் பறிபோனதன் நினைவு இலக்கியத்தில் தங்கியிருக்கிறதா என்று கேட்பது நியாயமான ஆய்வுக் கேள்வி. அவ்வளவு நீண்ட காலம் ஒரு நினைவு வாய்மொழியாக நிலைக்குமா என்று எதிர்க்கட்சி கேட்கும். அதற்குப் பதில் தேடலாம். ஆனால் கண்டம் கேட்டுப் பழகியவர்களுக்குக் கரை போதவில்லை.

வாதம் நம் மரபுக்குப் புதிது என்று யாரும் சொல்லித் தப்பிக்க முடியாது. 13-ஆம் நூற்றாண்டு நன்னூலில் பவணந்தியார் நூலுக்குரிய ஏழு மதங்களை (கொள்கைகளை)ச் சொல்கிறார். பிறர் கருத்தை ஏற்பதும் மறுப்பதும், பிறர் கொள்கையை முதலில் எடுத்துக்கொண்டு பிறகு களைவதும், இருவர் மாறுபடும்போது ஒரு பக்கம் துணிவதும் அவற்றுள் அடங்கும். அதாவது நூல் என்றாலே எதிரில் ஒருவர் இருக்கிறார் என்று அவர் எடுத்துக்கொண்டுவிட்டார். பத்துக் குற்றங்களின் பட்டியலில் கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்திறுதல் என்று வருபவற்றை இன்றைய ஆய்வேடு ஒன்றின் ஓரத்தில் மதிப்பீட்டாளர் அப்படியே எழுதிவைக்கலாம். ஆரம்பத்தில் ஆர்ப்பாட்டமாக எழும்பி, நான்காம் இயலில் கதைச் சுருக்கமாகக் கரைந்துவிடும் ஏடுகளுக்குச் சென்று தேய்ந்திறுதல் என்பதைவிடப் பொருத்தமான குறிப்பு வேறில்லை. அருணந்தி சிவாச்சாரியாரோ சைவ சித்தாந்த நூலான சிவஞானசித்தியாரில் பரபக்கம் என்று ஒரு பகுதியையே பிறருக்கு ஒதுக்கினார். உலகாயதம் தொடங்கிப் பிற சமயங்களின் கொள்கையை ஒவ்வொன்றாகச் சொல்லி, பிறகே மறுத்தார். தன் கட்சியைச் சொல்லும் சுபக்கம் அதற்குப் பின்னால்தான் வருகிறது.

அந்த வழக்கம் எங்கே போயிற்று? என் சந்தேகம் பள்ளிக்கூடக் கட்டுரை மேல்தான். முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்ற சட்டகம், ஆங்காங்கே அடிக்கோடிட்ட மேற்கோள், மேற்கோளுக்குத் தனி மதிப்பெண். மேற்கோள் அங்கே சான்று இல்லை, தோரணம். எந்தக் குறளும் எந்தத் தலைப்புக்கும் ஒத்துவரும். 'மரம் வளர்ப்போம்' என்று எழுதச் சொல்கிறோமே தவிர, நான்குவழிச் சாலைக்கு வெட்டியே தீர வேண்டிய மரத்துக்காக ஒரு கட்சியும் சாலைக்காக ஒரு கட்சியும் எழுதச் சொல்வதில்லை. பட்டிமன்றம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அங்கே கட்சி பிரித்து வாதாடுகிறார்கள், ஆனால் எதிரணியின் வலுவான வாதத்தைச் சந்திப்பதைவிட அதை நகைச்சுவையால் கடந்துபோவதற்குத்தான் கைதட்டல் அதிகம். அந்தப் பழக்கத்தோடு முதுகலைக்கு வரும் மாணவரிடம் திடீரென்று ஆய்வுச் சிக்கலைச் சொல் என்றால் அவர் என்ன செய்வார்?

விதிகளும் பெரிதாக உதவவில்லை. ஆய்வேட்டை அளிக்குமுன் ஒரு கட்டுரையாவது ஆய்விதழில் வந்திருக்க வேண்டும், இரண்டு கருத்தரங்குகளில் வாசித்திருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிமுறைகள் கட்டாயப்படுத்தின. விளைவாகப் பணம் கட்டினால் அச்சிடும் இதழ்களுக்கு நல்ல வருமானம். 2022 விதிமுறைகளில் அந்தக் கட்டாயம் நீங்கியது. 2018-இல் வந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகளின்படி 10 விழுக்காடு வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை, 60 விழுக்காட்டைத் தாண்டினால் ஆய்வாளரின் பதிவே ரத்தாகும். தேவையான விதிதான், குறைசொல்லவில்லை. ஆனால் மென்பொருளால் பிடிக்க முடிவது இரவல் வாக்கியத்தை மட்டும். இரவல் முடிவைப் பிடிக்க அதற்குத் தெரியாது. ஒரு சொல்கூடப் பிறரிடமிருந்து எடுக்காமல், ஒரு கருத்தும் சொல்லாமல் முந்நூறு பக்கம் எழுதினால் அந்தச் சோதனையில் முழு வெற்றி. இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வேறு வந்துவிட்டன. ஒருபுறம் இப்படி, மறுபுறம் அப்படி, எனவே சமநிலை தேவை என்று அவை நிமிடத்தில் எழுதித் தருகின்றன. யாரையும் மறுக்காத நம் ஆய்வு நடைக்கு அது கச்சிதமாகப் பொருந்துவதில் வியப்பில்லை.

மறுப்பதற்குப் பயப்படுகிறோம் என்பதும் இதில் உண்டு. நெறியாளரின் ஆசிரியர் எழுதிய புத்தகத்தை மாணவர் எப்படி மறுப்பார்? அந்தப் பயம் இல்லாதவர்கள் மறுக்கும்போது வேறு பக்கம் சரிந்துவிடுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை, தொல்காப்பியம், திருக்குறள் உள்ளிட்ட நூல்களுக்குப் பிற்பட்ட காலம் குறித்தார். எந்த நூல் எதை எடுத்தாள்கிறது, எந்தச் சொல் எப்போது வழக்கில் வருகிறது என்று தன் அளவுகோலை வெளிப்படையாக வைத்துத்தான் பேசினார். அந்த அளவுகோலை மறுக்க வழிகள் இருந்தன. பொதுவான ஒரு தொடரை இரு நூல்களில் யார் யாரிடமிருந்து எடுத்தார் என்பதை எப்படி உறுதி செய்வது, ஓர் இடைச்செருகலை வைத்து முழு நூலுக்கும் காலம் சொல்லலாமா, ஒரு சொல்லுக்குக் கிடைத்த முதல் சான்றும் அச்சொல் பிறந்த நாளும் ஒன்றா என்றெல்லாம் கேட்டிருக்கலாம். சிலர் கேட்டார்கள். பலர் அவரைத் தமிழ்ப் பகைவர் என்றார்கள். அவர் குறித்த காலங்களில் பலவற்றை நானும் ஏற்கவில்லை. ஆனால் ஒருவருடைய உள்நோக்கத்தைச் சொல்லி முடித்துவிட்டால் அவருடைய சான்று அப்படியே மேசையில் கிடக்கிறது.

பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளுக்கு ஒரு வேண்டுகோள். இதற்கு அரசாணையும் வேண்டாம், நிதியும் வேண்டாம். ஆய்வேட்டின் முதல் இயலுக்கு முன்னால் ஒரே ஒரு பக்கம் கட்டாயமாக்குங்கள். இந்த ஆய்வு யாருடைய எந்தக் கருத்தை மறுக்கிறது, அல்லது எந்த ஐயத்தைத் தீர்க்கிறது, எப்படிப்பட்ட சான்று கிடைத்தால் என் முடிவை நான் கைவிடுவேன் என்று மாணவர் அதில் தன் கைப்பட எழுதட்டும். வாய்மொழித் தேர்வு அந்தப் பக்கத்தில் தொடங்கட்டும். அதை எழுத முடியாதவருக்கு இன்னும் ஆறு மாதம் நூலகத்தில் இடம் கொடுங்கள், பட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.